கணக்கில் வராத குழந்தைகள்

(விவசாயத் தொழிலாளர்களும் பஞ்சாலைத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கலந்து கொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்த மேடையில் நாம் வழக்கமாகக் கூலியைப் பற்றிப் பேசுவோம். போனஸைப் பற்றிப் பேசுவோம். விலைவாசியைப் பற்றிப் பேசுவோம். இன்று பேச வந்திருப்பது நம் வீட்டுக் குழந்தைகளைப் பற்றி. அதிலும் ஒரு தனி ரகக் குழந்தைகளைப் பற்றி. “இதற்கெல்லாம் ஒரு கூட்டமா?” என்று சிலர் நினைக்கலாம். நாம் செய்த ஒரு தவறைச் சொல்லி ஆரம்பித்தால் விஷயம் விளங்கும்.

சென்ற ஆண்டு அறுவடைக்கு முன்னால் ஒரு கிராமத்தில் கூலி பேசுவதற்காகக் கூட்டம் போட்டோம். பெண்கள் திரளாக வந்திருந்தார்கள். ஒரு தாய் எட்டு வயதுப் பையனோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். பையன் உட்காரவில்லை. ஓரமாய் நின்ற சைக்கிளின் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அதையே பார்த்துக் கொண்டிருந்தான். மைக் “கீ” என்று கூவியது. உடனே காதைப் பொத்திக் கொண்டு வீறிட்டு அலறினான். மறுபடி கூவியது. மறுபடி அலறினான். கூட்டம் முகம் சுளித்தது. “அம்மா, பையனை வெளியே கொண்டு போங்கள். பிள்ளையைக் கொஞ்சம் கண்டித்து வளர்க்கக் கூடாதா?” என்று மேடையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

அந்தக் குரல் வேறு யாருடையதும் அல்ல. நம்முடையதுதான்.

அந்தத் தாய் எழுந்தார். “அண்ணே, இவன் வேணும்னு பண்ணலே. அந்தச் சத்தம் கேட்டா அவனுக்குக் காதுல கொள்ளி வெச்சாப்புல இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்கும் வரவில்லை. அறுவடைக் கூலிப் பேச்சில் முன்னின்று வாதாடக் கூடியவர் அவர். ஒரு மாதம் கழித்துத்தான் நமக்கு உறைத்தது. வீடு தேடிப் போனோம். பையனைப் பள்ளிக்கூடத்திலும் நிறுத்திவிட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஜில்லா ஆஸ்பத்திரியில் காட்டியபோது டாக்டர் சொன்ன பெயர் – ஆட்டிசம்.

பெயர் நமக்குப் புதிது. படிக்க ஆரம்பித்தோம். தெரிந்தவர்களிடம் கேட்டோம். படிக்கப் படிக்க ஒரு கேள்வி நம்மை விடவில்லை. இப்படிப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? ஊருக்கு ஒருவரா? ஜில்லாவுக்கு ஒருவரா? அல்லது நம் கண்ணெதிரிலேயே நிறையப் பேர் இருந்தும் நமக்குத்தான் தெரியவில்லையா? அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

ஆட்டிசம் என்றால் என்ன?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். இது ஒட்டுகிற நோய் அல்ல. பைத்தியம் அல்ல. பேய் பிடித்ததும் அல்ல. மூளை வளரும் விதத்திலேயே உள்ள ஒரு வேறுபாடு. குழந்தை பிறப்பதற்கு முன்பே இதற்கு அடிப்படை போடப்பட்டுவிடுகிறது. இரண்டு மூன்று வயதில் வெளியே தெரிய ஆரம்பிக்கிறது.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்ப்பதில்லை. காது கேட்கவில்லையோ என்று நினைப்போம். ஆனால் அடுத்த அறையில் மிட்டாய்க் காகிதம் சரசரத்தால் ஓடி வருவான். “அதோ நிலா” என்று காட்டினால் நம் விரல் போகும் பக்கம் பார்க்க மாட்டான். தனக்கு வேண்டியதை விரல் நீட்டிக் கேட்க மாட்டான். நம் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு போவான். பேச்சு தாமதமாக வரும். சிலருக்கு வந்த பேச்சும் நின்று போகும். சிலர், நாம் கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வார்கள். தீப்பெட்டிகளை வரிசையாய் அடுக்கிக் கொண்டே இருப்பார்கள். தினம் போகும் பாதை மாறினால் தாங்க மாட்டார்கள். சத்தமும் வெளிச்சமும் சில துணிகளும் அவர்களுக்கு வேதனையாக இருக்கும்.

இந்த எல்லா அடையாளமும் எல்லாரிடமும் இருக்காது. ஒரு குழந்தை வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாது. இன்னொரு குழந்தை வகுப்பில் முதல் மார்க் வாங்கும். ஆனால் ஒரு சிநேகிதன் கூட இருக்க மாட்டான். இரண்டும் ஆட்டிசம்தான். அதனால்தான் எண்ணுவது கஷ்டமாகிறது. காய்ச்சலுக்கு இரத்தம் எடுத்துப் பார்ப்பது போல இதற்கு ஒரு இரத்தப் பரிசோதனை கிடையாது. பயிற்சி பெற்றவர் குழந்தையைக் கவனித்துப் பார்த்து, பெற்றோரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பணக்காரர் வீட்டு நோயா?

இந்த விஷயம் உலகுக்குத் தெரிய வந்த கதையையும் கேளுங்கள்.

1925ல் சோவியத் நாட்டில் குரூன்யா சுகரேவா என்ற பெண் டாக்டர், மாஸ்கோவில் ஒரு சிகிச்சைப் பள்ளியில் இருந்த 6 சிறுவர்களைப் பற்றி எழுதினார். இன்று நாம் ஆட்டிசம் என்று சொல்வதைத்தான் அவர் அன்றே விவரித்திருந்தார். ஆனால் அந்தக் கட்டுரை ஆங்கிலத்தில் வந்தது 1996ல்தான்.

1943ல் அமெரிக்காவில், பால்டிமோர் நகரில், லியோ கானர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். உலகம் கவனித்தது இதைத்தான். அந்தப் பதினொரு பேரில் முதல் குழந்தை மிஸிஸிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்ளெட். தகப்பனார் வக்கீல். தாயார் வீட்டார் உள்ளூர் பாங்கின் சொந்தக்காரர்கள். மகனைப் பற்றி அந்தத் தகப்பனார் 33 பக்கம் டைப் அடித்து டாக்டருக்கு அனுப்பினார்.

33 பக்கம்! நம்மில் யாருக்கு அது முடியும்? நாலு மணிக்கு எழுந்து களை எடுக்கப் போகிறவர் எழுதுவாரா? ராத்திரி ஷிப்டு முடிந்து பஞ்சுத் தூசியோடு வருகிறவர் எழுதுவாரா? பால்டிமோர் டாக்டரிடம் போய்ச் சேர்ந்த பெற்றோர்களில் பெரும்பாலோர் படித்தவர்கள், வசதி உள்ளவர்கள். அதைப் பார்த்து, “இது படித்தவர்கள் வீட்டில் வருவது” என்று வெகு காலம் உலகமே நம்பியது. ஏழை வீட்டுக் குழந்தைக்கு இதே குணம் இருந்தால் என்ன பெயர் கொடுத்தார்கள்? மந்த புத்தி, அசடு, அடங்காப் பிடாரி! டாக்டர் வீட்டு வாசலை எட்டியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, எட்டாதவர்கள் இல்லவே இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

அந்த டொனால்ட் என்ன ஆனான்? அந்தப் பகுதி நமக்கு மிகவும் பிடித்தது. 1942ல் அவனை ஒரு விவசாயக் குடும்பத்தில் கொண்டு போய் விட்டார்கள். அந்த விவசாயியும் மனைவியும் மனோதத்துவம் படித்தவர்கள் அல்ல. பையனுக்கு எதைப் பார்த்தாலும் எண்ண வேண்டும். சோளக் கொல்லையில் வரிசைகளை எண்ணிக் கொண்டே இருப்பான். “எண்ணாதே” என்று அவர்கள் அடிக்கவில்லை. ஏரைக் கையில் கொடுத்து, உழுது கொண்டே எண்ணு என்றார்கள். எதையும் அளக்க வேண்டும் என்று அலைவான். ஒரு கிணறு தோண்டச் சொல்லி, அதன் ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். டாக்டர் நேரில் போய்ப் பார்த்தபோது, பையன் குதிரையையும் ஏரையும் திருப்பி உழுத அழகைக் கண்டு அதிசயித்தார். கிராமத்துப் பள்ளியும் அவனை அவன் போக்கிலேயே ஏற்றுக் கொண்டது. பிற்காலத்தில் அவர் கல்லூரிப் பட்டம் வாங்கினார். பாங்கில் வேலை பார்த்தார். கார் ஓட்டினார். 2023ல், 89வது வயதில், சொந்த ஊரில் காலமானார்.

அவருக்கு வசதி இருந்தது, வாஸ்தவம். ஆனால் அவரை ஆளாக்கியதில் ஒரு உழவன் குடும்பத்துக்கும் பங்கு உண்டு.

எண்ண எண்ண ஏறும் கணக்கு

இனி கணக்குக்கு வருவோம்.

1966ல் விக்டர் லாட்டர் என்பவர் இங்கிலாந்தில் மிடில்செக்ஸ் என்ற பகுதியில் 8 முதல் 10 வயது வரையுள்ள சுமார் 78 ஆயிரம் பள்ளிக் குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார். உலகில் இப்படி எண்ணியது அதுவே முதல் தடவை. பத்தாயிரத்துக்கு நாலரை என்று கணக்கு வந்தது. மிகவும் கடுமையான அடையாளம் உள்ளவர்களை மட்டுமே அவர் சேர்த்திருந்தார்.

1979ல் லோர்னா விங் என்ற டாக்டரும் ஜூடித் கோல்டு என்பவரும் லண்டனில் காம்பர்வெல் பகுதியில் எண்ணினார்கள். லோர்னா விங் இப்படிப்பட்ட ஒரு பெண் குழந்தைக்குத் தாய். பெற்ற கண்ணுக்குத் தெரிந்தது மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம் அல்லவா? முழு அடையாளமும் இல்லாவிட்டாலும் அதே வகைக் கஷ்டங்கள் உள்ள குழந்தைகளையும் அவர்கள் சேர்த்தார்கள். பத்தாயிரத்துக்குச் சுமார் 20 பேர் வந்தார்கள்.

அமெரிக்காவில் சர்க்காரே குறிப்பிட்ட சில பகுதிகளில் எட்டு வயதுக் குழந்தைகளை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எண்ணி வருகிறது. 2000ம் ஆண்டில் 150 பேருக்கு ஒருவர். 2010ல் 68 பேருக்கு ஒருவர். 2020ல் 36 பேருக்கு ஒருவர். 2022ம் ஆண்டுக்கான கணக்கு 2025ல் வெளிவந்தது. 31 பேருக்கு ஒருவர்!

இதைக் கேட்டதும் பலருக்கு வயிற்றைக் கலக்கும். “ஐயோ, தொற்று நோய் போலப் பரவுகிறதே!” என்று பத்திரிகைகளும் கூச்சல் போட்டன. பொறுங்கள். அதே 2022 கணக்கில் இன்னொரு விவரமும் இருக்கிறது. டெக்ஸாஸ் மாநிலத்தில் லரேடோ என்ற இடத்தில் சுமார் 103 பேருக்கு ஒருவர். கலிபோர்னியாவில் சான் டியாகோ பகுதியில் சுமார் 19 பேருக்கு ஒருவர். ஒரே நாடு. ஒரே வருஷம். ஐந்து மடங்கு வித்தியாசம்! தண்ணீரிலா வித்தியாசம்? இல்லை. கலிபோர்னியாவில் குழந்தை வைத்தியர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுத்து, சிறு வயதிலேயே கண்டுபிடித்து அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தேடுகிற இடத்தில் கிடைக்கிறார்கள். தேடாத இடத்தில் மறைந்து கிடக்கிறார்கள்.

முன்பெல்லாம் அந்த நாட்டில் வெள்ளைக்காரக் குழந்தைகளிடம்தான் ஆட்டிசம் அதிகம் என்று கணக்கு காட்டியது. 2020 கணக்கில் முதல் தடவையாக அது தலைகீழாயிற்று. கறுப்பினக் குழந்தைகளும் மற்றவர்களும் அதிகமாக வந்தார்கள். அவர்கள் உடம்பு மாறவில்லை. டாக்டர் வாசல் அவர்களுக்கும் கொஞ்சம் திறந்தது.

மஸ்டர் ரோல் கதை

மில் தோழர்களுக்கு இது சுலபமாக விளங்கும். மஸ்டரில் பெயர் ஏறாத பதிலித் தொழிலாளிகள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? கேட்டால் “அப்படி யாரும் இல்லை” என்பார்கள். ஒரு நாள் தொழிலாளர் துறை அதிகாரி வந்து, நிற்கிறவன் பெயரையெல்லாம் எழுது என்றால், ஒரே நாளில் நூறு பெயர் ஏறும். அந்த நூறு பேரும் நேற்று ராத்திரி வானத்திலிருந்து குதித்தவர்களா? நேற்றும் இருந்தார்கள். முந்தாநாளும் இருந்தார்கள். பெயர்தான் இல்லை.

ஆட்டிசம் கணக்கிலும் பெரும் பகுதி இதுதான். 1990ல் அமெரிக்காவில் தனிக் கல்விச் சட்டத்தில் ஆட்டிசம் என்று ஒரு தனிக் கலம் சேர்த்தார்கள். அதன் பிறகு பள்ளிப் பதிவேடுகளில் பெயர்கள் ஏறின. வைத்திய நூல்களும் 1980, 1994, 2013 ஆகிய ஆண்டுகளில் இலக்கணத்தை மாற்றின. முன்பு “மூளை வளர்ச்சி இல்லாதவன்” என்று எழுதப்பட்ட பலர் சரியான கலத்துக்கு வந்தார்கள். சுவீடனில் 2015ல் வந்த ஒரு ஆராய்ச்சி இதை இன்னும் தெளிவாக்கியது. 1993 முதல் 2002 வரை பிறந்த குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் அடையாளங்கள் கூடவில்லை; ஆனால் பதிவேட்டில் ஆட்டிசம் என்று எழுதப்பட்டவர்களின் எண்ணிக்கை ஏறிக் கொண்டே போனது.

இதைச் சொல்வதால், உண்மையில் கொஞ்சமும் கூடவில்லை என்று நாம் சத்தியம் செய்யவில்லை. குறை மாதத்தில் பிறந்த குழந்தைகள் இப்போது அதிகமாகப் பிழைக்கின்றன. வயது கடந்து பிள்ளை பெறுவதும் கூடியிருக்கிறது. இவற்றுக்கும் ஆட்டிசத்துக்கும் ஓரளவு தொடர்பு உண்டு என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆனால் ஏறிய கணக்கில் பெரும் பங்கு, முன்பே இருந்தவர்களை இப்போது பார்க்கக் கற்றுக் கொண்டதுதான்.

கோயாங் நகரம் சொன்ன செய்தி

எல்லா ஆராய்ச்சிகளிலும் நம் கண்ணைத் திறந்தது தென் கொரியாவில் நடந்ததுதான்.

தலைநகர் சியோலுக்கு அருகில் கோயாங் என்று ஒரு நகரம். அங்கே 7 முதல் 12 வயது வரை 55,266 குழந்தைகள். யங் ஷின் கிம் என்ற பெண் டாக்டர் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து, 2011ல் முடிவை வெளியிட்டது. மற்றவர்கள் செய்தது போல ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் அவர்கள் புரட்டவில்லை. சாதாரணப் பள்ளிகளுக்கே போனார்கள். பெற்றோர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். சந்தேகப்பட்ட குழந்தைகளை நேரில் பார்த்துச் சோதித்தார்கள்.

முடிவு என்ன? நூற்றுக்கு 2.64 பேர். அதாவது 38 பேருக்கு ஒருவர்! அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் சாதாரணப் பள்ளியில், சாதாரண வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவர்களை அடையாளம் காணவில்லை. எந்த உதவியும் கிடைக்கவில்லை. அந்த நாட்டில் பள்ளி நேரம் நீளம், ஒழுங்கு கடுமை. தினமும் ஒரே மாதிரி மணி அடிக்கும். ஒரே மாதிரி பாடம் நடக்கும். அந்த ஒழுங்கைப் பிடித்துக் கொண்டு அந்தப் பிள்ளைகள் வாய் திறக்காமல் காலம் தள்ளினார்கள். தனியே, சிநேகிதர் இன்றி, கேலிக்கு ஆளாகி!

பெண் குழந்தைகளைப் பற்றியும் அங்கே ஒரு உண்மை வெளிப்பட்டது. ஏற்கெனவே அடையாளம் கண்டவர்களில் ஐந்து பையன்களுக்கு ஒரு பெண். பள்ளிகளில் மறைந்திருந்தவர்களிலோ ஐந்து பையன்களுக்கு இரண்டு பெண்கள். பெண் குழந்தை பேசாமல் மூலையில் உட்கார்ந்தால் நாம் என்ன சொல்கிறோம்? “அடக்கமான பெண்” என்கிறோம்! அவள் கஷ்டம் அடக்கத்துக்குள் மறைந்து போகிறது.

ஏன் மறைத்தார்கள்? இந்த ஆராய்ச்சியில் பங்கு கொண்ட ராய் ரிச்சர்ட் கிரிங்கர் என்ற அறிஞர் ஒரு காரணம் சொல்கிறார். கொரியாவில் பல பெற்றோர்கள் ஆட்டிசம் என்ற பெயரை ஏற்க மறுத்தார்கள். அது பரம்பரைக் குறை என்று ஊர் சொல்லும். கூடப் பிறந்த அக்காளுக்கும் தங்கைக்கும் கலியாணம் நடக்காது. அதற்குப் பதிலாக, தாய் சரியாகப் பாசம் காட்டாததால் வந்த கோளாறு என்று அர்த்தம் வரும் வேறொரு பெயரை எழுதிக் கொண்டார்கள். குடும்பப் பெயர் தப்பித்தது. பழி தாயின் தலையில் விழுந்தது!

தாய்மார்களே, இது கொரியாக் கதை மட்டும்தானா? நம் தெருவில் நடப்பது என்ன?

பழி யார் மேல்?

தாய் மேல் பழி போடுவதை ஊர்க் கிழவிகள் மட்டும் செய்யவில்லை. பெரிய டாக்டர்களும் செய்தார்கள். தாயின் மனம் பனிக்கட்டி போல் குளிர்ந்து போனதால்தான் குழந்தை இப்படி ஆனது என்று இருபது முப்பது ஆண்டுக் காலம் எழுதினார்கள். 1977ல் இங்கிலாந்தில் இரட்டைப் பிள்ளைகளை வைத்து ஒரு ஆராய்ச்சி நடந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவான 10 ஜோடிகளில் ஒன்றில் கூட அப்படி இல்லை. ஒரே தாய், ஒரே வீடு, ஒரே சோறு. ஆகவே இது கருவிலேயே அமைவது, வளர்ப்பால் வருவதல்ல என்பது தெளிவாயிற்று.

“செல்போன் பார்த்துத்தான் வந்தது” என்று இப்போது சொல்கிறார்கள். குழந்தை கையில் ஓயாமல் செல்போன் கொடுப்பது நல்லதல்ல. அது வேறு விஷயம். ஆனால் 1925ல் மாஸ்கோவில் செல்போன் இருந்ததா?

தடுப்பூசியால் வருகிறது என்பது இன்னொரு புரளி. இது ஆபத்தான புரளி. 1998ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற டாக்டர் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது இது. 2010ல் அந்தப் பத்திரிகையே கட்டுரையை வாபஸ் வாங்கியது. அதே ஆண்டு இங்கிலாந்தில் அவர் பெயர் டாக்டர்கள் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. டென்மார்க்கில் 6 லட்சத்து 57 ஆயிரம் குழந்தைகளைப் பார்த்து 2019ல் வெளியிட்டார்கள். தட்டம்மைத் தடுப்பூசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. புரளியை நம்பித் தடுப்பூசியை நிறுத்தினால், தட்டம்மை குழந்தையைக் கொண்டு போகும்.

குணப்படுத்தித் தருகிறோம், ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்று லட்சக் கணக்கில் கேட்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். ஆட்டிசத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. தாலியை விற்று அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்! வேண்டியது பேச்சுப் பயிற்சி, பழகும் பயிற்சி, பொறுமையான வாத்தியார். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

நம் நாட்டில் எத்தனை பேர்?

அரியானாவில் பல்வல், இமாசலப் பிரதேசத்தில் காங்க்ரா, ஒடிசாவில் தேன்கனால், வட கோவா, ஹைதராபாத் – இந்த ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரை 3,964 குழந்தைகளைச் சோதித்து, 2018ல் முடிவை வெளியிட்டார்கள். ஆட்டிசம் சுமார் நூற்றுக்கு ஒருவர்.

நூற்றுக்கு ஒன்று என்றால் என்ன? நம் ஊர் ஆரம்பப் பள்ளியில் 200 பிள்ளைகள் என்றால், அதில் 2 பேர். ஒரு மில் தொழிலாளர்கள் வீடுகளில் 1,500 பிள்ளைகள் என்றால், 15 பேர். அந்தப் பதினைந்து பேரில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்? ஒருவர், இருவர்? மற்றவர்கள் எங்கே? கடைசி பெஞ்சில் இருக்கிறார்கள். அடி வாங்கிக் கொண்டிருக்கிறார்கள். பள்ளியிலிருந்து நின்றுவிட்டார்கள். அல்லது அம்மா வேலைக்குப் போகும்போது கட்டிலில் கட்டிப் போடப்பட்டிருக்கிறார்கள். அந்தத் தாயைக் கொடுமைக்காரி என்று நாம் சொல்ல மாட்டோம். பிள்ளையைப் பார்த்துக் கொண்டால் கூலி போகும். கூலிக்குப் போனால் பிள்ளை குளத்துப் பக்கம் போய்விடும். அவள் என்ன செய்வாள்?

நம் சர்க்காரின் கணக்கும் பின்தங்கியே வந்தது. 1995ம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை. 1999ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம் பெற்றது. 2011 ஜனத்தொகைக் கணக்கில் தனிக் கலம் கிடையாது. 2016ல் வந்த சட்டத்தில்தான் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். மஸ்டரில் பெயர் ஏறவே இத்தனை காலம்!

ஆனாலும் பெயர் ஏறியிருக்கிறது. அதைப் பிடித்துக் கொள்ள வேண்டும். அந்தச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று பெற்ற குழந்தைக்கு, 6 வயது முதல் 18 வயது வரை, அருகில் உள்ள பள்ளியிலோ விருப்பமானால் தனிப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. 2009ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி எந்தக் குழந்தையையும் பள்ளியில் அடிக்கக் கூடாது. மன உளைச்சல் தரக் கூடாது. 2013ல் தொடங்கிய திட்டப்படி, அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் டாக்டர் குழு வந்து குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்க வேண்டும். ஜில்லா அளவில் உள்ள மையத்துக்கு அனுப்ப வேண்டும். இவை தருமம் அல்ல. சட்டம்.

என்ன செய்வது?

அந்தத் தாயிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். “மன்னிப்பெல்லாம் எதுக்கண்ணே? புள்ளய ஸ்கூல்ல சேக்க வழி பண்ணுங்க” என்றார். அவரோடு சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமை வாத்தியார் கெட்டவர் அல்ல. “ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். எனக்கு இதில் பயிற்சி இல்லை. என்ன செய்வேன்?” என்றார். நியாயமான கேள்விதான். சட்டத்தை எடுத்துச் சொன்னோம். பையன் இப்போது காலையில் மட்டும் வகுப்புக்குப் போகிறான். மணி அடிக்கும் இடத்துக்குத் தூரமாக, ஜன்னலோரம் உட்காருகிறான். சான்று வாங்க அந்தத் தாய் நான்கு தடவை ஜில்லா ஆஸ்பத்திரிக்கு நடந்தார். நான்கு நாள் கூலி போயிற்று. பஸ் செலவு வேறு. பயிற்சிக்கு வாரம் ஒரு முறை வரச் சொல்கிறார்கள். வாரம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எந்தக் குடும்பம் பிழைக்கும்? பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. இதை ஒளிக்காமல் சொல்கிறோம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை: சான்று கொடுக்கும் முகாம் ஒவ்வொரு ஒன்றியத்திலும் மாதம் ஒரு முறை தவறாமல், விடுமுறை நாளில் நடக்க வேண்டும். பேச்சுப் பயிற்சி ஜில்லாத் தலைநகரோடு நிற்காமல் அருகிலேயே கிடைக்க வேண்டும். ஆரம்பப் பள்ளி வாத்தியார்களுக்கும் அங்கன்வாடி ஊழியர்களுக்கும் இந்தக் குழந்தைகளை அடையாளம் காணப் பயிற்சி தர வேண்டும். பயிற்சிக்குக் குழந்தையை அழைத்துப் போகும் நாளில் தாய்க்கோ தகப்பனுக்கோ கூலி இழப்பு ஈடு செய்யப்பட வேண்டும். அடுத்த ஜனத்தொகைக் கணக்கில் ஆட்டிசத்துக்குத் தனிக் கலம் வேண்டும். எண்ணப்படாதவனுக்கு நிதி ஒதுக்க மாட்டார்கள்!

சர்க்காரைக் கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. இரண்டு வயதாகியும் பேர் சொன்னால் திரும்பாத, விரல் நீட்டிக் காட்டாத குழந்தை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், “ஆண் பிள்ளை, தாமதமாகப் பேசுவான்” என்று நாளைக் கடத்தாதீர்கள். காது பரிசோதனை செய்யுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள். எல்லாம் ஆட்டிசமாக இருக்காது; பார்த்துவிடுவதில் நஷ்டம் இல்லை. அந்தக் குழந்தையின் தாயிடம் “நீ சரியாக வளர்க்கவில்லை” என்று யாராவது சொன்னால், அங்கேயே மறுத்துப் பேசுங்கள்.

நம் கூட்டங்களிலும் சில மாறுதல் செய்திருக்கிறோம். இன்று மைக் சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறோம். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காவிட்டால் முன்னே வந்து உட்காருங்கள். வாசலோரம் நான்கு பாய் போட்டிருக்கிறோம். எழுந்து நடக்க வேண்டிய குழந்தைகள் நடக்கலாம், சக்கரம் சுற்ற வேண்டியவர்கள் சுற்றலாம். யாரும் முகம் சுளிக்கக் கூடாது. அந்தத் தாய் இன்று வந்திருக்கிறார். பையனும் வந்திருக்கிறான்.

கூட்டம் முடிந்ததும் கிளைத் தோழர்கள் ஒரு நோட்டோடு வாசலில் நிற்பார்கள். பள்ளிக்குப் போகாமல் நின்ற பிள்ளை, பேசாத பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், பெற்றோரின் சம்மதத்தோடு வயதையும் தெருவையும் மட்டும் சொல்லுங்கள். பெயர் வேண்டியதில்லை. அடுத்த மாதம் அந்தக் கணக்கோடு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். நூற்றுக்கு ஒருவர் என்பது புத்தகக் கணக்கு. நம் ஊரில் எத்தனை பேர் என்று நாமே எண்ணுவோம்.